தேநீரில் ஊறிய ரொட்டி

ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் காலத்தில் நம் பகுதிக்கு வரும் மடல்களில் ஒரே வினா வெவ்வேறு வடிவங்களில் எழுப்பப்படுவதைக் காண்கிறோம். வீட்டிலேயே கேக் செய்ய விருப்பம் உண்டு, ஆனால் ஓவன் இல்லை என்பார் ஒரு சகோதரி. வெண்ணெயும் முட்டையும் வாங்குவதற்கு மாதக் கடைசியில் கையில் பணம் ஏது என்பார் மற்றொருவர். அண்டை அயலாருக்குத் தட்டில் வைத்து அனுப்பும் அளவுக்குக் கடையில் வாங்கப்போனால், விழா முடிந்த பின்னும் கடன் முடிவதில்லை என்பார் வேறொரு தாய். இம்மூவருடைய குறைக்கும் பொதுவானதொரு விடையை இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறோம். இவ்விடை நாம் புதிதாய்க் கண்டதன்று. வேல்ஸ் நாட்டிலும் அயர்லாந்திலும் எளிய குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாய்க் கைக்கொண்டு வருவது. உலர்ந்த பழங்களைத் தேநீரில் ஓர் இரவு ஊறவைத்து, வெண்ணெயோ நெய்யோ கலக்காமல் சுடும் இனிப்பு ரொட்டியே அது.

நம் ஊர் பேக்கரிகளில் 'டீ கேக்' என்ற பெயரில் ஒன்று விற்கப்படுவதை அன்பர்கள் அறிவர். அது தேநீருடன் உண்பதற்கு ஏற்றது என்பதால் அப்பெயர் பெற்றது. அதனுள் தேயிலை இராது. நாம் இங்கே கூறும் ரொட்டியிலோ தேநீரே மாவைப் பிசையும் நீராகவும், நிறமாகவும், சுவையாகவும் அமைகிறது. வேல்ஸ் மொழியில் இதனைப் 'பாரா ப்ரித்' என்பர். 'பாரா' என்றால் ரொட்டி. 'ப்ரித்' என்றால் புள்ளிகளை உடையது. அயர்லாந்தில் இதன் உடன்பிறப்பு 'பார்ம்ப்ராக்' எனப்படுகிறது. அப்பெயருக்கு மூலமான ஐரிஷ் மொழிச் சொற்களுக்கும் புள்ளியுள்ள ரொட்டி என்பதே பொருள். துண்டு போட்டுப் பார்த்தால் பழுப்பு நிறத்தின் நடுவே கருந்திராட்சைகள் புள்ளி புள்ளியாய்த் தோன்றும். கடலால் பிரிந்த இரு நாட்டாரும் ஒன்றைக் கண்டு ஒரே பெயரைச் சூட்டியிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஏழை வீட்டுக்குத் தேயிலை வந்த வழி

தேயிலை இங்கிலாந்துக்கு வந்த தொடக்கத்தில் செல்வர்க்கு மட்டுமே உரிய பண்டமாக இருந்தது. 1662-ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டுக் கத்தோலிக்க இளவரசியான கத்தரீன், இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் சார்லஸை மணந்தார். பம்பாய்த் தீவு அவருடைய சீதனத்தில் ஒரு பகுதியாகச் சென்றதை வரலாறு படித்தோர் அறிவர். தாய்நாட்டில் தேநீர் அருந்திப் பழகிய அந்த அரசியாரே அவ்வழக்கத்தை ஆங்கில அரசவையில் பரவச் செய்தார் என்பர். ஆயினும் அதன்மேல் விதிக்கப்பட்ட வரி மிகக் கொடியது. 1784-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 119 சதவீதமாக இருந்த அவ்வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தது. அதன்பின் தேயிலையின் விலை இறங்கிற்று. 19-ஆம் நூற்றாண்டில் சுரங்கத் தொழிலாளி வீட்டிலும் குடியானவர் குடிசையிலும் தேநீர்ப் பாத்திரம் அடுப்பருகே அமர்ந்துகொண்டது.

ஏழை வீட்டில் எதுவும் வீணாவதில்லை. பாத்திரத்தில் எஞ்சிய தேநீரை வெளியே கொட்ட மனம் வராத இல்லத்தரசிக்கு, அதில் பழத்தை ஊறவைப்பது இயல்பாகவே தோன்றியிருக்கக்கூடும். நேற்றைய சோற்றை நீரூற்றிப் பழைய சோறாக்கிக் காலையில் உண்ணும் நம் குடும்பங்களுக்கு இச்சிக்கனத்தின் மேன்மையை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

இந்த ரொட்டியைப் பழைய முறையில் செய்யும்போது ஈஸ்ட் சேர்த்துப் பலமணி நேரம் புளிக்க வைப்பர். அம்முறை இன்றும் அழியவில்லை. ஆயினும் வீடுகளில் பெரிதும் செய்யப்படுவது பேக்கிங் பவுடர் சேர்த்து உடனே சுடும் விரைவு ரொட்டியே. பேக்கிங் பவுடரின் பிறப்பிலும் ஒரு குடும்பக் கதை உண்டு. பர்மிங்ஹாம் நகரில் மருந்துக்கடை நடத்திய ஆல்பிரட் பேர்டு என்பாருடைய மனைவி எலிசபெத் அம்மையாருக்கு முட்டையும் ஒவ்வாது. ஈஸ்ட் சேர்த்த ரொட்டியும் ஒவ்வாது. அவருக்கென்றே முட்டை சேராத கஸ்டர்டு பொடியை 1837-ஆம் ஆண்டிலும், ஈஸ்ட் இன்றி மாவை உப்பச் செய்யும் பொடியை 1843-ஆம் ஆண்டிலும் அவர் உருவாக்கினார். மனைவி உண்ண முடியாததைத் தாமும் உண்டு மகிழ மனமில்லாத கணவர் ஒருவரின் அக்கறை, இன்று உலகமெங்கும் அடுக்களையில் சிறு டப்பாவாக இருந்து வருகிறது. இல்லறத்தில் அன்பு என்பது இத்தகைய செயல்களிலும் விளங்கும் என்பதை நம் இல்லத்தலைவர்கள் நினைவில் கொள்வார்களாக.

அயர்லாந்தில் இந்த ரொட்டிக்கு உரிய நாள் அக்டோபர் 31, அதாவது அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முந்திய இரவு. அன்று சுடும் ரொட்டியினுள் ஒரு மோதிரம், ஒரு நாணயம், ஒரு கந்தைத் துணி, ஒரு பட்டாணி, ஒரு குச்சி ஆகியவற்றை மறைத்து வைப்பர். மோதிரம் கிடைத்தவருக்கு ஓராண்டுக்குள் திருமணம். நாணயம் கிடைத்தவருக்குச் செல்வம். கந்தை கிடைத்தவருக்கு வறுமை. பட்டாணி கிடைத்தவருக்கு அவ்வாண்டு மணம் இல்லை. குச்சி கிடைத்தவருக்கு இல்வாழ்வில் சச்சரவு என்று சொல்லிச் சிரித்து மகிழ்வர். குறி பார்ப்பதில் நமக்கு நம்பிக்கை இல்லை. மோதிரத்தை விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு ஓடும் நிலையையும் நாம் விரும்பவில்லை. ஆகவே அவ்வழக்கத்தை அயர்லாந்துக்காரருக்கே விட்டுவிடுவோம். ஆனால் பெருவிழாவின் முந்திய இரவில் குடும்பத்தார் அனைவரும் ஒரே ரொட்டியைச் சுற்றி அமர்ந்து பங்கிட்டு உண்பது ஏற்கத்தக்க நல்வழக்கமே.

தேநீர் செய்யும் பணி

செய்முறைக்குள் புகுமுன், தேநீரால் விளையும் நன்மையை அறிந்துகொள்வது நலம். காரணம் அறிந்து செய்பவர் அளவு சற்று மாறினாலும் தடுமாறார்.

உலர்ந்த திராட்சை நீர் வற்றிய பழம். அதனை அப்படியே மாவில் இட்டால், மாவிலுள்ள ஈரத்தைத் தான் உறிஞ்சிக்கொள்ளும், ரொட்டி வறண்டுபோகும். முன்னரே ஊறி உப்பிய பழமோ தன் ஈரத்தைக் காத்துக்கொண்டு, ரொட்டியையும் பல நாள் மென்மையாய் இருக்கச் செய்யும். சாதாரணக் கேக்கில் மாவுக்கு மென்மை தருவது வெண்ணெய். இதில் வெண்ணெய் இல்லாததால் அப்பணியைப் பழத்தின் ஈரமும் சர்க்கரையும் ஏற்றுக்கொள்கின்றன. சர்க்கரைக்கு நீரைப் பிடித்துவைக்கும் தன்மை உண்டு.

வெறும் நீரில் ஊறவைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், ஆனால் இனிப்பு திகட்டும். தேயிலையின் இயல்பான துவர்ப்பு, பழமும் சர்க்கரையும் தரும் மிகுந்த இனிப்பைச் சமன்செய்கிறது. மேலும் தேநீரின் நிறம் ரொட்டிக்கு ஆழ்ந்த பழுப்பு வண்ணத்தைத் தருகிறது. பாலைச் சேர்க்கலாகாது. நம் நாட்டு வெப்பத்தில் இரவு முழுதும் இருந்தால் பால் திரிந்துவிடும். அன்றியும் பாலிலுள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைத் தன்னோடு பிணைத்து மட்டுப்படுத்திவிடும்.

எந்தத் தேயிலை நன்று? கடைகளில் குறுணையாகவும் தூளாகவும் கிடைப்பது பெரும்பாலும் இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய வகை. அது விரைவில் சாறு இறங்கி அடர்ந்த நிறம் தரும். இந்த ரொட்டிக்கு மிகவும் பொருந்தும். நீலகிரியின் முழு இலைத் தேயிலை மணம் மிக்கது. அதனைப் பயன்படுத்துவோர் சற்று மிகுதியாய் இட்டுக் கூடுதல் நேரம் ஊறவிட வேண்டும்.

வேண்டிய பொருள்கள்

தேயிலைத் தூள் 10 கிராம், அதாவது குவித்த தேக்கரண்டியால் ஏறக்குறைய 3. கொதிநீர் 320 மில்லி. விதையில்லாக் கருந்திராட்சை 200 கிராம். கொட்டை நீக்கிச் சிறிதாய் நறுக்கிய பேரீச்சம்பழம் 100 கிராம். நாட்டுச் சர்க்கரை அல்லது தூளாக்கிய வெல்லம் 150 கிராம். மைதா மாவு 250 கிராம். பேக்கிங் பவுடர் தலைதட்டிய தேக்கரண்டியால் 2½. முட்டை 1. இலவங்கப்பட்டைப் பொடி அரைத் தேக்கரண்டி. சாதிக்காய்ப் பொடி கால் தேக்கரண்டி. கிராம்பு இரண்டைப் பொடித்துக்கொள்க. உப்பு ஒரு சிட்டிகை. பாத்திரத்தில் தடவச் சிறிது எண்ணெய்.

முட்டை உண்ணாதோர் அதற்கு ஈடாகக் கெட்டித் தயிர் 4 மேசைக்கரண்டி சேர்க்கலாம். ரொட்டி சற்று இறுகலாக இருக்கும், சுவை குன்றாது. மைதாவில் பாதியைக் கோதுமை மாவாக மாற்றிக்கொள்ள விரும்புவோர் அவ்வாறே செய்யலாம். கோதுமை மாவு நீரை மிகுதியாய் இழுக்குமாதலால் இரண்டு மேசைக்கரண்டி தேநீர் கூடுதலாய் வேண்டியிருக்கும்.

செய்முறை

முதல் நாள் இரவு உணவு முடிந்ததும் பணியைத் தொடங்குக. தேயிலையை ஒரு பாத்திரத்தில் இட்டுக் கொதிநீரை ஊற்றி மூடி 4 அல்லது 5 நிமிடம் வைத்து வடிகட்டுக. அடுப்பில் வைத்துத் தேயிலையைக் கொதிக்க விடுதல் ஆகாது. அவ்வாறு செய்தால் துவர்ப்பு மிகுந்து கசப்பாய் மாறும். தேநீர் சூடாக இருக்கும்போதே வெல்லத்தை அதில் கரைத்து மீண்டும் ஒருமுறை வடிகட்டுக. வெல்லத்தில் மண் இருப்பதுண்டு. கழுவிய திராட்சையையும் நறுக்கிய பேரீச்சையையும் அதில் இட்டு மூடி வைக்க வேண்டும். எட்டு அல்லது பத்து மணி நேரம் ஊறினால் போதும். கோடைக் காலத்தில், ஆறிய பின் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நலம். காலையில் எழுந்து பார்த்தால் பழங்கள் பருத்துப் பளபளக்கும்.

மறுநாள் முதலில் அடுப்பைச் சூடாக்கி, ரொட்டிப் பாத்திரத்தில் எண்ணெய் தடவித் தாள் விரித்து ஆயத்தமாய் வைத்துக்கொள்க. அதன் பின்னரே மாவைக் கலக்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றலாகாது. பேக்கிங் பவுடரில் சோடாவும் ஒரு புளிப்பு உப்பும் உலர்ந்த நிலையில் அருகருகே உறங்குகின்றன. ஈரம் பட்டவுடன் அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிப்படுத்துகின்றன. அவ்வாயுவே மாவை உப்பச் செய்கிறது. கலந்த மாவை வைத்துவிட்டு அடுப்பைத் தேடிச் சென்றால், வாயு பெரும்பகுதி வெளியேறிவிடும்.

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, வாசனைப் பொடிகள் ஆகியவற்றை இரண்டு முறை சலித்துக்கொள்க. ஊறிய பழக்கலவையில் முட்டையை அடித்து ஊற்றிக் கலக்குக. சலித்த மாவை அதில் கொட்டி மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்க வேண்டும். வெள்ளைமாவு கண்ணுக்குத் தெரியாத நிலை வந்ததும் நிறுத்திவிடுக. சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தால் கோதுமையின் பசைத்தன்மை வலுப்பெற்று ரொட்டி ரப்பரைப்போல் இழுபடும். கரண்டியைத் தூக்கினால் மாவு ஓடாமல், மெல்லக் கட்டியாய் விழுவதே தக்க பதம். பாத்திரத்தில் முக்கால் அளவுக்குமேல் நிரப்பலாகாது.

ஓவன் உள்ளோர் 165 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் சுடலாம். மேற்புறம் மிகக் கருகுவதுபோல் தோன்றினால் ஒரு தாளை மேலே போர்த்துக. நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும். திராட்சையின் பிசுக்கு ஒட்டினால் அஞ்ச வேண்டா. இடம் மாற்றிக் குத்திப் பார்க்கவும்.

ஓவன் இல்லாதோர்க்கு

ஓவன் இல்லை என்று மனம் தளர்ந்த சகோதரிகளுக்கு இப்பகுதியைச் சிறப்பாய் எழுதுகிறோம். மூடி நன்கு பொருந்தும் கனமான பெரிய பாத்திரம் ஒன்று போதும். பழைய இரும்புப் பாத்திரம் கிடைத்தால் மிக நன்று. கழுவிக் காய வைத்த ஆற்று மணலையோ கல் உப்பையோ அதனடியில் ஒன்றரை அங்குல உயரத்துக்குப் பரப்புக. நடுவில் ஒரு சிறு இரும்பு வளையத்தை வைத்து மூடி, மிதமான தீயில் 15 நிமிடம் சூடேற்றுக. பின்னர் மாவு ஊற்றிய பாத்திரத்தை அவ்வளையத்தின்மேல் அமர்த்தி, மூடியை இட்டு, ஆவி வெளியேறாதபடி மேலே ஒரு கனத்தை ஏற்றித் தீயைக் குறைத்துவிட வேண்டும். ஓவனைவிடச் சற்றுக் கூடுதலாக, ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கலாம். முதல் 40 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. விறகடுப்பு உள்ளோர் மூடியின்மேல் சில தணல்களைப் பரப்பினால் மேற்புறமும் நன்கு சிவக்கும்.

பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்துவோர் பலர் உளர். நீரின்றி நெடுநேரம் காய்ந்தால் குக்கர் கெட்டுப்போகக்கூடும். ஆதலின் அன்றாடம் சமைக்கும் குக்கரை இதற்கு எடுக்காதிருப்பதே விவேகம். பயன்படுத்தியே ஆக வேண்டுமெனில் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

வெந்த ரொட்டியைப் பாத்திரத்திலேயே 10 நிமிடம் ஆறவிட்டு, பிறகு வெளியே எடுத்துக் காற்றுப்படும்படி கம்பித்தட்டில் வைக்கவும். முழுதும் ஆறியபின் தாளில் சுற்றி டப்பாவில் இட்டு மூடுக. அன்றே அறுத்தல் வேண்டா. ஒரு நாள் பொறுத்தால் பழத்தின் ஈரம் மாவெங்கும் பரவி, வாசனைப் பொருள்களின் கூர்மை தணிந்து, சுவை ஒன்றுபடும். குளிர்ந்த மலைப்பகுதிகளில் ஐந்து நாளும், கடலோரப் புழுக்கத்தில் மூன்று நாளும் கெடாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். வேல்ஸ் நாட்டார் மெல்லிய துண்டுகளாக அறுத்து வெண்ணெய் தடவி உண்பர். நமக்கு அதுவும் தேவையில்லை.

தவறும் காரணமும்

முதன்முறை செய்வோர்க்குச் சில குறைகள் நேரலாம். நடுப்பகுதி குழிந்துவிட்டால், முன்னதாகவே மூடியைத் திறந்திருப்பீர்கள், அல்லது பேக்கிங் பவுடர் அளவு மீறியிருக்கும். பழமெல்லாம் அடியில் தங்கிவிட்டால் மாவு நீர்த்துவிட்டது என்பது பொருள். ரொட்டி உப்பவே இல்லையெனில் பேக்கிங் பவுடர் பழையதாகியிருக்கும். ஒரு சிட்டிகைப் பொடியைச் சுடுநீரில் இட்டால் நுரைத்துப் பொங்க வேண்டும். பொங்காவிட்டால் அந்த டப்பாவை ஒதுக்கிவிடுக. அடி கருகி நடு வேகாமல் இருந்தால் தீ மிகுதி.

மற்றுமோர் எச்சரிக்கை. வெண்ணெய் சேராத ரொட்டி ஆகையால் எவ்வளவும் உண்ணலாம் என்று எண்ணிவிடக் கூடாது. வெல்லமும் பேரீச்சையும் திராட்சையும் இனிப்பே. நீரிழிவு உள்ள பெரியோர்க்கு வெல்லம் ஏற்றது, சீனிதான் கெடுதி என்பது தவறான எண்ணம். அவர்கள் மருத்துவர் வகுத்த எல்லையை மீறலாகாது.

கொழுந்து பறித்த கைகள்

நாம் பயன்படுத்தும் 10 கிராம் தேயிலையைப் பற்றி இன்னும் ஒரு சொல் கூறாமல் இக்கட்டுரையை முடிக்க இயலவில்லை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அப்படியாயின் நம் ரொட்டிக்குள் 45 கிராம் பச்சைக் கொழுந்து இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அதனைக் கிள்ளிக் கூடையில் இட்டவர், பெரும்பாலும் ஒரு பெண்மணியாகவே இருப்பார். அவர் தமிழ் பேசும் தாயாகவும் இருக்கக்கூடும்.

வேல்ஸ் நாட்டு அடுக்களைக்கும் நம் மக்களுக்கும் உள்ள உறவு இவ்விடத்திலேதான் இருக்கிறது. 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இலங்கையின் கண்டி மலைப்பகுதியில் லூல்கந்துர என்னும் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-ஆம் ஆண்டு முதல் அத்தீவின் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழிக்கத் தொடங்கவே, மலைகளெல்லாம் தேயிலைக்கு மாறின. காப்பிக் காலத்திலேயே தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து சென்று உழைத்த மக்களின் வழித்தோன்றல்களே தேயிலையையும் பறித்தனர். ஆங்கிலேயர் வீட்டு மாலைத் தேநீருக்கும், எளியோர் சுட்ட புள்ளி ரொட்டிக்கும் அவர்களுடைய உழைப்பு சென்று சேர்ந்தது.

அவர்களுக்குக் கிடைத்த பலன் என்ன? 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964-ஆம் ஆண்டு ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலட்சக்கணக்கானோர் தாம் பிறந்த மண்ணைவிட்டு, அதுவரை கண்டிராத இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவ்வாறு வந்தோர்க்கு வேலை தரும்பொருட்டுத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே பின்னர் 'டான்டீ' நிறுவனமாக வளர்ந்தது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு அந்நாட்டின் குடியுரிமை முழுமையாக வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது 2003-ஆம் ஆண்டில்தான்.

தேநீரை நாம் அருந்தும்போது இவற்றையெல்லாம் எண்ணித் துயருற்றிருக்க வேண்டும் என்று கூறவில்லை. ஆனால் எச்சத் தேநீரையும் வீணாக்காத ஏழை வீட்டில் பிறந்த ரொட்டி இது. அதனைச் சுடும் நாம், அத்தேயிலைக்குப் பின்னால் உள்ள ஏழையையும் மறவாதிருத்தல் முறையாகும். சிக்கனம் என்பது பணத்தை மிச்சப்படுத்துவது மட்டுமன்று. பிறர் உழைப்பை மதித்தலும் அதனுள் அடங்கும்.

விழாவும் கடனும்

விழா என்றால் கடன் வாங்கியேனும் பகட்டாய்ச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம் குடும்பங்கள் பலவற்றை வருத்துகிறது. டிசம்பரில் வாங்கிய கடனுக்கு ஏப்ரல் வரை வட்டி கட்டும் இல்லங்களை நாம் அறிவோம். மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலகனின் பிறந்தநாளைக் கொண்டாட வட்டிக்கடைக்குச் செல்ல வேண்டுமா என்று கேட்டால், வேண்டா என்றே எல்லாரும் சொல்வர். ஆயினும் அக்கம்பக்கத்தார் தட்டோடு நம் தட்டை ஒப்பிடுவார்களே என்ற அச்சம் விடுவதில்லை. அந்த அச்சத்துக்கு மருந்தாகவே இந்த ரொட்டியைப் பரிந்துரைக்கிறோம். இதில் செலவு குறைவு. பொறுமைதான் மிகுதியாய் வேண்டும். ஊறவைக்க ஓர் இரவு, சுட ஒரு மணி நேரம், ஆறி ஊற ஒரு நாள். காத்திருப்பதற்கு வட்டி இல்லை.

பணியைக் குடும்பத்தார் பகிர்ந்துகொள்ளட்டும். பேரீச்சையின் கொட்டையைப் பிள்ளைகள் நீக்கட்டும். மாவைச் சலிப்பது ஆண்களுக்கு இழிவான வேலை அன்று. ஆல்பிரட் பேர்டை நினைவுகூர்க. பாட்டி அருகிலிருந்து மணத்தைக் கொண்டே பதம் சொல்வார். இல்லத்தரசி ஒருத்தியே அடுப்படியில் வெந்துகொண்டிருக்க, மற்றவர்கள் முற்றத்தில் நட்சத்திர விளக்குக் கட்டி மகிழ்வது விழாவுக்கு அழகன்று.

சுட்ட ரொட்டியை அறுக்கும்போது முதல் பங்கு யாருக்கு என்பதையும் சிந்தித்துக்கொள்ளுங்கள். இவ்வாண்டில் ஒருவரை இழந்து துயரில் இருக்கும் வீடு உங்கள் தெருவில் ஒன்று இருக்கும். துக்கம் நேர்ந்த ஆண்டில் அவ்வீட்டார் பலகாரம் செய்வதில்லை. உற்றாரும் அயலாருமே கொண்டுபோய்க் கொடுப்பது நம் மரபு. அம்மரபு சில ஊர்களில் தளர்ந்து வருகிறது. கடைப் பெட்டியை வாசலில் நீட்டிவிட்டுத் திரும்புவதைவிட, உங்கள் கையால் சுட்ட இரண்டு துண்டுகளுடன் உள்ளே சென்று, சற்று நேரம் அமர்ந்து, அவர்களுடன் ஒரு குவளைத் தேநீர் அருந்திவிட்டு வாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் அன்று விழாவின் சுவையை அறிவார்கள்.

திருவருகைக் காலத்தின் முதல் வாரத்திலேயே ஒருமுறை சிறிய அளவில் செய்து பார்த்துக்கொண்டால் விழா நாளில் கை தடுமாறாது. உங்கள் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் எத்தனை நிமிடம் பிடித்தது என்பதை ஒரு தாளில் குறித்து அடுக்களையில் ஒட்டிவையுங்கள். அனுபவத்தை நமக்கும் எழுதுங்கள்; பிற சகோதரிகளுக்குப் பயன்படும். அனைவருடைய இல்லத்திலும் கடனற்ற, கனிவுள்ள விழா மலர வாழ்த்துகிறோம்.